பேர் வெச்ச வேஷம்

வாட்ச்மேன் கையைக் காட்டி "உக்காரு" என்றான், தேசப்பன் உட்கார்ந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான். மணி பத்தே முக்காலுக்கு நடந்தது. இப்போது பதினொன்றரை ஆகப்போகிறது, இன்னும் அந்த ஒரு வார்த்தையையே போட்டு மென்றுகொண்டிருக்கிறான், கடவாய்ப் பல்லில் சிக்கின பாக்குத் துண்டு மாதிரி அது வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. எதற்கு உட்காரச் சொன்னான் இவன்? வந்தவர் எல்லாரையுமா உட்காரச் சொல்கிறான்? சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரன் போனைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான். ஒரு வெள்ளைக் கார் வந்தது, உள்ளே இருந்தவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை, கேட்டின் தடுப்புக் கம்பு தானாக மேலே போயிற்று, இவன் சல்யூட் வேறு வைத்தான். தேசப்பனுக்கு மட்டும்தான் பேர் என்ன, எங்கேயிருந்து, எந்த வீடு, எதுக்கு. கேட்ட கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை வரவில்லை, வடக்கத்தித் தமிழில் எது மரியாதை எது இல்லை என்று யார் கண்டது. இன்டர்காமில் பதினாலாவது மாடிக்கு அடித்தான். எடுக்கவில்லை. தேசப்பனும் தன் போனிலிருந்து, வரச்சொல்லியிருந்த சினிமா டைரக்டருக்கு நாலு தடவை அடித்தான். எடுக்கவில்லை. பிறகுதான் அந்த "உக்காரு". தேசப்பன் செக்யூரிட்டி அறைக்குள் சுவரோரமாகச் சரிந்து, முட்டி இரண்டையும் மடக்கி, கையைக் கோர்த்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்தான். அறைக்குள் ஒரு ஃபேன், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தடி நோட்டு, ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. வாட்ச்மேன் அந்த நாற்காலியைத் துண்டால் ஒரு தடவை துடைத்தான், சிம்மாசனம் பார், பெரிய மகாராஜா. துடைத்துவிட்டு உட்காரவும் இல்லை, வாசலை அடைத்த மாதிரி நின்றுகொண்டான். ஓடிப்போய்விடுவேன் என்று நினைக்கிறானோ.

மூஞ்சியைப் பார்த்து நிறுத்தினானா, மூஞ்சியைத் தெரிந்து நிறுத்தினானா, இதுதான் கேள்வி. சும்மா கேள்வியில்லை, இருபத்திரண்டு வருஷக் கேள்வி. ராயபுரம் தேசப்பன் என்றால் கோடம்பாக்கத்தில் தெரியாதவன் கிடையாது, அதாவது துணை நடிகர் ஏஜெண்டுகளில், அதாவது பழைய ஏஜெண்டுகளில். காலை ஐந்தரைக்கு வரிசையில் நிறுத்தி, ஏஜெண்ட் விரலை நீட்டிப் பிரிப்பார், ரிச்சு இந்தப் பக்கம், லோக்கல் அந்தப் பக்கம். விரல் தன் பக்கம் வரும் முன்னாலேயே தேசப்பன் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவான், அவர் நேரம் எதற்கு வீணாக வேண்டும். பார்ட்டி சீனில் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ரிச்சு. கட்டம் போட்ட லுங்கியோடு மீன் மார்க்கெட்டில் ஓடுபவன் லோக்கல். ஓடியிருக்கிறான், எவ்வளவு ஓட்டம் ஓடியிருக்கிறான், தள்ளுவண்டியைக் கவிழ்த்து, கோழிக்கூண்டைத் தாண்டி, கடைசியில் ஹீரோ காலால் ஒரு தள்ளு, தண்ணீர்த் தொட்டிக்குள் விழ வேண்டும். லாக்கப் சீன் என்றால் வசனமே தேவையில்லை, சட்டையைக் கழற்றிவிட்டு சுவரோரம் உட்கார வேண்டியது. மேக்கப்மேன் இவனுக்கென்று பெட்டியைத் திறக்கவே மாட்டான், திறந்தாலும் டல் அடிக்கத்தான், இருக்கிற கறுப்பு போதாதாம். ஒரு படத்தில் ஹீரோவுக்கு வடசென்னைப் பையன் வேஷம், ஹீரோ பால் மாதிரி வெளுப்பு. மேக்கப்மேன் தேசப்பனைக் கூப்பிட்டான், அண்ணே கையைக் காட்டு. இவன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஹீரோ கன்னத்தில் கலர் ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றான் தேசப்பன். படம் நன்றாக ஓடிற்று, கறுப்பா வந்து பின்னிட்டார்பா என்று ஊரெல்லாம் ஹீரோவைப் பேசிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெண்டாட்டி கோமளாவிடம், என் கலர்தான்டி அது, என்று சொன்னான். பெருமையாகச் சொன்னானா வயிற்றெரிச்சலில் சொன்னானா, இன்றுவரை அவனுக்கே பிடிபடவில்லை. கோமளா அதற்கு, கலருக்கு வாடகை கேட்டியா, என்றாள்.

இந்த வாட்ச்மேன் சினிமா பார்ப்பானா? இந்தியில் டப் பண்ணி எல்லாப் படமும் போனிலேயே போகிறதாமே. அதில் பார்த்திருப்பான். பார்த்திருந்தால் சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. எங்கேயோ பார்த்த மூஞ்சி என்று மட்டும் தோன்றியிருக்கும், எங்கே என்று தோன்றியிருக்காது, அங்கேதான் வில்லங்கமே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், கையில் காரப்பொடி மீன் வாங்கின பையோடு நடந்துவருகிறான், ஜீப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சப் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேடா" என்றார். பக்கத்துத் தெருவில் சங்கிலி அறுத்திருக்கிறான் எவனோ. சார் நான் நடிகன் சார் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே. சொல்லவில்லை. அதற்குள் உடம்பு முந்திக்கொண்டது. ஜீப்பைப் பார்த்ததும் முட்டி தானாக மடங்கி, கை இரண்டும் பிடரிக்குப் போய்க் கோர்த்துக்கொண்டு, தலை குனிந்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேவிட்டான். ஆக்‌ஷன் சொன்ன மாதிரி. சப் இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்துச் சொன்னார், "பழைய கேஸுய்யா, சொல்லாமலே உக்கார்றான் பாரு." ஆச்சு, ஸ்டேஷன். இரண்டு மணி நேரம். அப்புறம் ஒரு கான்ஸ்டபிள் உற்றுப் பார்த்து, அட இவன் அந்தப் படத்துல தொட்டியில விழுவானே, என்று கண்டுபிடித்தான். ஒரே சிரிப்பு. டீ வந்தது. விழுந்து காட்டச் சொன்னார்கள், பெஞ்சிலிருந்து விழுந்து காட்டினான். அதே மூஞ்சிதான், அதே ஆள்தான், டீக்கு முன்னால் திருடன், டீக்கு அப்புறம் கலைஞன். வீட்டுக்குப் போய்ச் சேருகிறபோது மீன் நாறிவிட்டது. ஸ்டேஷன்ல டீ வாங்கிக் குடுத்தாங்கடி, என்று கோமளாவிடம் சொன்னான். படத்தில் பார்த்து ஊர் பயப்படுகிறதா, ஊர் பயப்படுகிறதைப் பார்த்துப் படம் எடுக்கிறார்களா, எது முந்தி எது பிந்தி, யோசித்தால் தலை சுற்றுகிறது. வெயில் வேறு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை இத்தனை நேரம் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தான், இப்போது அதுவே முன்னால் வந்து நிற்கிறது. இந்த நிரஞ்சன் சார், பதினாலாவது மாடி டைரக்டர், லேசுப்பட்ட ஆளில்லை. போன படத்தில் ஒரு புதுப் பெண்ணுக்குத் தெரியாமல் அவள் பையில் ஆள் வைத்து ஒரு நகையை ஒளித்துவிட்டு, திருடி என்று நாலு பேரை விட்டு மிரட்டி, அவள் அழுததை மறைவாகக் கேமரா வைத்து எடுத்தார், அந்த அழுகைக்கு விருது என்று யூனிட்டில் கதை ஓடியது. நிஜமோ பொய்யோ. அவர் இப்போது எடுக்கப்போவது சந்தேகக் கேஸில் பிடித்துப் போகிற ஒருத்தனைப் பற்றிய படம், கலரைப் பார்த்து, ஏரியாவைப் பார்த்து மனுஷனை எடைபோடுகிற இந்தச் சிட்டியைச் செருப்பால் அடிக்கிற மாதிரி எடுக்கணும்ணே, என்று போனில் அவரே சொன்னார். வீட்டுக்கு வாங்க பேசலாம் என்று கூப்பிட்டதும் அவர்தான். அப்படியென்றால் இந்த வாட்ச்மேன்? தேசப்பன் மெதுவாகக் கண்ணை மட்டும் தூக்கினான். அறை மூலையில் கேமரா. குட்டிச் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அட. பதினாலாவது மாடியில் உட்கார்ந்து டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ? அதனால்தான் போனை எடுக்கவில்லையோ? நாலு தடவை அடித்தும் எடுக்காத மனுஷன் உண்டா, அதுவும் தானே கூப்பிட்டுவிட்டு? தேசப்பனுக்கு வியர்த்தது. முக்கால் மணி நேரமாகக் கேமரா ஓடுகிறது, இவன் என்ன செய்திருக்கிறான், மூக்கைச் சொறிந்திருக்கிறான், ஒரு தடவை கொட்டாவி விட்டான். சரி, போனது போகட்டும். இடது பக்கம் முகம் நன்றாக விழும் என்று தெரியும், லேசாக இடப்பக்கம் திரும்பினான். அவமானப்பட்டவன் எப்படி இருப்பான்? கண்ணில் தண்ணீர் வரலாம். வரக்கூடாது, அடக்கிக்கொண்டு இருப்பதுதான் நிஜம், இந்த டைரக்டருக்கு அதுதான் பிடிக்கும். தொண்டையில் ஒரு விழுங்கு விழுங்கினான். நன்றாக வந்தது. உடனே ஒரு சந்தேகம், கேமரா சும்மா இந்த அப்பார்ட்மென்ட்டின் கேமராவாக இருந்தால்? யாரும் பார்க்காத இடத்தில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து அவமானப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன பேர்? நடிக்காமல் இருந்தால் மட்டும்? உள்ளே நிஜமாகவே அவமானமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது முகத்துக்கு வரும்போது லாக்கப் சீன் மாதிரிதான் வருகிறது. வேறு மாதிரி உட்கார, வேறு மாதிரி பார்க்க உடம்புக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இன்னொருத்தன் சொல்லிக் கொடுத்ததை நீக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறது? அந்தக் கேள்வி அவனுக்குப் பயமாக இருந்தது.

போன் அதிர்ந்தது. டைரக்டர் இல்லை, சுபாஷினி. மகள். நர்ஸிங் இரண்டாம் வருஷம், ட்யூட்டிக்கு நடுவில் ஒளித்து வைத்து அனுப்பியிருப்பாள். "பேர் என்னப்பா?" அவ்வளவுதான் மெசேஜ். தேசப்பன் அதைப் பார்த்துவிட்டு போனைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டான். பேர்தான் விஷயமே. நிரஞ்சன் சார் போனில் சொன்னார், "கேரக்டருக்குப் பேர் இருக்குண்ணே, நேர்ல வாங்க சொல்றேன்." இருபத்திரண்டு வருஷத்தில் இவன் போட்ட வேஷத்துக்குப் பேர் இருந்ததில்லை. சின்ன வயதில் சுபாஷினியைப் படத்துக்குக் கூட்டிப்போனால் முடிந்து எல்லாரும் எழுந்துபோன பிறகும் சீட்மேல் ஏறி நின்றுகொண்டு, திரையில் ஓடுகிற பேர்ப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கூட்டிப் பெருக்குகிற அம்மா விளக்குமாற்றோடு காத்திருக்கும். ஒரு தடவை கண்டுபிடித்தாள். அடியாள் மூன்று, தேசப்பன். ஏன்ப்பா மூணு, ஒண்ணு யாரு, என்று கேட்டாள். ஒண்ணு என்பவன் ஹீரோவிடம் முதலில் அடிவாங்குபவன் கண்ணு, என்று சொன்னான், சிரித்தாள். அப்புறம் எட்டாவது படிக்கிறபோது கிளாஸில் எவளோ செயின் காணோம் என்றாளாம், எவளோ இவள் பையைப் பார்க்கச் சொன்னாளாம், அவங்கப்பா படத்துலயே திருடன்தானே, என்று. செயின், காணோம் என்றவளுடைய ஜாமெட்ரி பாக்ஸிலேயே கிடைத்தது. சுபாஷினி அதற்குப் பிறகு சீட்மேல் ஏறி நிற்கவில்லை. நேற்று ராத்திரி அவளே உட்கார்ந்து இந்தச் சந்தனக் கலர்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பேர் இருந்தா நான் எங்க காலேஜ் பொண்ணுங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போவேன், என்று மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சட்டை இப்போது முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. கோமளா அடித்துவிட்ட பவுடர் கழுத்தில் கோடு கோடாக இறங்கியிருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற மாதிரி, பேர் பதினாலாவது மாடியில் இருக்கிறது, இந்த வடக்கத்தியான் வாசலில் நிற்கிறான்.

நிற்கிறான், இன்னும் நிற்கிறான். கால் வலிக்காதா இவனுக்கு? நாற்பது வயதிருக்கும், காதோரம் நரை, சட்டை ஒரு சைஸ் பெரிசு. சின்னக் கண். இவன் மாதிரி கண்ணுள்ளவனைப் படத்தில் கூர்க்காவாக்கி, ஷாப் சாப் என்று தடியைத் தட்டவிட்டு ஊரே சிரிக்கும், அந்தச் சிரிக்கிற கூட்டத்திலும் தேசப்பன் நின்றிருக்கிறான், முன்வரிசையில், பல் தெரிய. அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது, அது இப்போது எதற்கு ஞாபகம் வர வேண்டும். பிள்ளை பிடிக்க வந்தவன் என்று நினைத்து ஒரு வடநாட்டுக் கூலியைத் தெரு ஜனம் அடிக்கிற சீன். அன்றைக்கு தேசப்பனுக்கு அடிக்கிற பக்கம் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அடிக்கிற பக்கம். அடிபடுகிறவன் நிஜமாகவே ஒடிசாக்காரன், சென்ட்ரிங் வேலை பார்க்கிற ஆள், மூஞ்சி தோதாக இருக்கிறதென்று சைட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். ரப்பர்க் கட்டைதான், வலிக்காது. ஆனால் நாலாவது டேக்கில் அந்த ஆள் தரையில் முட்டியை மடக்கி, கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் பார், யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தேசப்பன் கட்டையை ஓங்கிக்கொண்டு ஒரு வினாடி அப்படியே நின்றுவிட்டான். கட் கட், அந்தக் கறுப்புச் சட்டை ஏன் நிக்குது, என்று மைக்கில் கத்தினார்கள். அடுத்த டேக்கில் நிற்கவில்லை. நன்றாகவே அடித்தான், பலே என்றார்கள், அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. அந்த ஆள் பேர் என்ன? கேட்கவில்லை. இந்த வாட்ச்மேன் பேர் என்ன? சட்டையில் ஏதோ குத்தியிருக்கிறது, இங்கிருந்து படிக்க முடியவில்லை. இவன் மூஞ்சியைப் பார்த்ததும் முதலில் தனக்கு என்ன தோன்றியது? வடக்கத்தியான், வம்புக்காரன், இவனுக்கு நம்மைக் கண்டாலே ஆகாது. பேரைக் கேட்கும் முன்னால் தோன்றிவிட்டதே. அப்புறம் அவனை மட்டும் என்னத்தைச் சொல்வது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இரண்டு பேருமே அரண்டவன் என்றால் பேய் யாரு?

லிஃப்ட் கதவு திறந்து நிரஞ்சன் சார் வேகமாக வந்தார், அரை டிராயர், காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் ஹெட்போன். "அய்யோ சாரிண்ணே, மியூசிக் கேட்டுட்டே உக்காந்துட்டேன், போன் சைலன்ட்ல கெடக்கு, இன்டர்காமும் கேக்கலை." அப்படியென்றால் கேமராவும் இல்லை, டெஸ்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தேசப்பன் ஒரு மணி நேரமாக யாருக்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றினான். "இருங்கண்ணே, அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றார் டைரக்டர், குரல் தணிந்துவிட்டது. போனை எடுத்துக் குனிந்தும் நிமிர்ந்தும் நாலைந்து படம் எடுத்தார். "இதுதான்ணே. ஆறு மாசமா இதைத்தான் எழுத முடியாம தவிச்சிட்டிருந்தேன். ரோல் உங்களுக்குத்தான், முடிஞ்சுது." பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "யாருய்யா இவரைக் கீழ உக்கார வெச்சது? அறிவிருக்கா?" என்றார்.

வாட்ச்மேன் ஒரு அடி பின்வாங்கினான். "சார், நடந்து வந்தா எழுதணும், கார்ல வந்தா வேணாம், அசோசியேஷன் சொன்னது சார். நான் எழுதினேன். அண்ணா வெயில்ல வந்தாரு, வேர்வை. நான் சேர் துடைச்சுப் போட்டேன், உக்காரு சொன்னேன். அண்ணா கீழ உக்காந்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "நான் எப்படி சார் சேர்ல உக்கார்றது, அவர் கீழ இருக்காரு, நான் நின்னுட்டேன்" என்றான். தேசப்பன் நாற்காலியைப் பார்த்தான். நீல நாற்காலி இவனைப் பார்த்துத்தான் போட்டிருந்தது, கையெட்டும் தூரத்தில், ஃபேனுக்கு நேர் கீழே. ஒரு மணி நேரமாக அது அங்கேயே காலியாக இருந்திருக்கிறது.

டைரக்டர் அதற்குள் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார். சுவரோரம் முட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு கறுத்த ஆள், மேலே நிழல் மாதிரி காக்கிச் சட்டை, ஓரத்தில் நாற்காலி. "நல்லா வந்திருக்குல்ல? இந்த சேர் மட்டும்தான் இடிக்குது. எடுத்துடுவோம்." விரலால் ஓரத்தை இழுத்தார், நாற்காலி போய்விட்டது. இப்போது பார்க்கிறவர் யாராக இருந்தாலும் வாட்ச்மேனைக் காறித் துப்புவார்கள். சூப்பர் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது தேசப்பனுக்கு, பழக்கதோஷம். அதை விழுங்கிவிட்டு, "சார், அந்தப் பேரு. கேரக்டருக்குப் பேர் இருக்குன்னு சொன்னீங்களே" என்றான். நிரஞ்சன் சார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருந்துச்சுண்ணே. இதைப் பாத்தப்புறம் பேரே வேணாம்னு தோணுது. பேர் இல்லாம விட்டாத்தான் எல்லாருக்கும் பொருந்தும். வாங்க, மேல போய்ப் பேசலாம்." லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போனார்.

தொடைக்கடியில் போன் திரும்ப அதிர்ந்தது. தேசப்பன் சுவரைப் பிடித்து எழுந்தான், முட்டி இரண்டும் சொடுக்கிட்டது. "சார், சேர் இருக்கட்டும் சார். அவர் போட்டது" என்றான். டைரக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "சேர் இருந்தா கதை இல்லையேண்ணே." லிஃப்ட் வந்துவிட்டது, கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோல் போய்விடுமோ என்று தேசப்பன் லிஃப்ட் பக்கம் ஒரு அடி வைத்தான். பிறகு நின்று, வாட்ச்மேனைப் பார்த்து, "உங்க பேரு?" என்று கேட்டான். "ஹிரேன்" என்றார் அவர். "ஒரு நிமிஷம் சார், வந்துட்டேன்" என்று லிஃப்ட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தேசப்பன் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான், ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தது. கை இரண்டும் தானாகப் பிடரியை நோக்கிப் போயின, பாதியில் நிறுத்தினான். நிறுத்தின கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.